பெயர் வெட்டிய தூக்கு

எங்கள் அத்தைக்கு விமானச் சத்தம் கேட்டுவிட்டால் இருப்புக் கொள்ளாது. கையில் எது இருக்கிறதோ அதோடு வாசலுக்கு ஓடியாக வேண்டும். கரண்டி இருந்தால் கரண்டியோடு, துடைப்பம் இருந்தால் துடைப்பத்தோடு. ஒருமுறை அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், பின்னலைக் கையிலிருந்து விடாமலே எழுந்து ஓடிவிட்டாள். அக்காவும் வலி தாங்காமல் கூடவே ஓட வேண்டியதாயிற்று. அப்போது பெங்களூரின் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தது. அல்சூரில் எங்கள் சந்துக்கு மேலே ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போவதுபோல விமானங்கள் தாழப் பறக்கும். அதனால் அத்தை கையில் எடுத்த எந்த வேலையும் ஒரே மூச்சில் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது விமானமெல்லாம் தேவனஹள்ளிப் பக்கம் போய்விட்டன. எங்களுக்கு மெட்ரோ சத்தம்தான். அத்தை இன்று இருந்திருந்தால் நிம்மதியாக ஒரு குழம்பாவது வைத்து இறக்கியிருப்பாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள், எங்களோடேயே இருந்தாள். அவளுடைய கணவரை, அதாவது மாமாவை, நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பெரிய யுத்தம் நடந்தபோது அவர் இங்கே விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். தண்ணீரில் இறங்குகிற விமானங்கள் அந்த நாளில் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்குமாம். இன்று அந்த ஏரியில் நுரை பொங்குவதைப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். கடலுக்கு அப்பால், அந்தமான் பக்கத்துக் காட்டுக் கரையோரங்களில், அந்த ஆண்டுகளில் விமானங்கள் விழுந்துகொண்டே இருந்தன. சுடப்பட்டு விழுந்தவை, மழைமேகத்தில் வழி தவறி விழுந்தவை, பெட்ரோல் தீர்ந்து விழுந்தவை என்று பல. விழுந்தவர்களில் யாராவது உயிரோடு மிதக்கிறார்களா என்று தேடிப் போவதற்குத்தான் இந்தத் தண்ணீர் விமானங்கள். அவற்றில் ஒன்றின் எஞ்சின் அடிக்கடி மக்கர் செய்ததால், அதற்குக் கைப்பழக்கமான மாமாவையும் கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள். போன விமானம் திரும்பவில்லை. தேடப் போன விமானத்தைத் தேடி இன்னொரு விமானம் போனது. அது வெறுங்கையோடு திரும்பி வந்தது.

தொழிற்சாலையிலிருந்து சேதி சொல்ல வந்தவர், மாமா இறந்துவிட்டார் என்று சொல்லவில்லை. காணவில்லை என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லின் மேல் அத்தை காலை ஊன்றிக்கொண்டாள். தாலியைக் கழற்றவில்லை. மஞ்சள் பூசிக் குளித்தாள், பூ வைத்துக்கொண்டாள், வகிட்டில் குங்குமம் வைத்தாள். நான் பிறந்து எனக்குப் பத்து வயது ஆனபோதும் அப்படியேதான் இருந்தாள்.

சொந்தக்காரர்களுக்குத்தான் இதில் தலைவலி. விசேஷ வீடுகளில் சுமங்கலிகளுக்குத் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டே வருகிற பெண், அத்தையின் முன்னால் வந்ததும் தட்டை நீட்டலாமா கூடாதா என்று ஒரு கணம் தடுமாறுவாள். அத்தை தடுமாறமாட்டாள். தானே கையை நீட்டிக் குங்குமத்தை எடுத்துக்கொள்வாள். சில வீடுகளில் ஆரத்தி எடுக்கிற நேரம் பார்த்து, "அண்ணி, பாயசம் அடிபிடிக்குதான்னு செத்த பாருங்களேன்" என்று அவளைச் சமையல்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அடுப்பில் பாயசமே இருக்காது. சாஸ்திரம் தெரிந்த ஒருவர், காணாமல் போய் இத்தனை வருஷம் ஆன பிறகு தர்ப்பையில் ஒரு பொம்மை செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னாராம். அதற்கு அத்தை, "பொம்மைய எரிச்சா பொம்மையோட பொண்டாட்டி தாலிய கழட்டட்டும். என்னை இன்னாத்துக்குக் கேக்குறே?" என்றாளாம். அதன் பிறகு அவர் எங்கள் சந்துப் பக்கமே வரவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். அதற்குள் அக்காவின் கல்யாணம் வந்தது.

அக்காவை வளர்த்தது அத்தை. அம்மா எனக்கும் தம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்ததால் அக்காவை முழுக்க அத்தையிடமே விட்டுவிட்டாள். ஆகவே அக்கா ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள், அத்தைதான் எனக்கு ஆரத்தி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் மணையில் உட்காரமாட்டேன் என்று. அப்பா இரண்டு பேரையும் சமாளிக்க முடியாமல் அச்சாபீஸுக்குக் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிப் போக ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீடு ஆரணி. அங்கே இதையெல்லாம் கறாராகப் பார்க்கிறவர்கள் என்று பேச்சு. முதல் தடவை பெண் பார்க்க வந்தபோதே சம்பந்தியம்மா அத்தையின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "உங்க நாத்தனார் வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தமான்ல இருக்கார்" என்றாள். "லீவு கெடைக்காது போல" என்றாள் சம்பந்தியம்மா. "ஆமாங்க, ரொம்பக் கஷ்டம்" என்றாள் அம்மா. அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

சீர்ப் பாத்திரங்கள் வந்து இறங்கின. எங்கள் தாத்தா உயிரோடு இருந்த காலத்தில் ஒரு வழக்கம் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சந்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எங்கள் பாத்திரம் போய்விட்டு வேறு யாருடையதோ திரும்பி வருகிறது என்ற எரிச்சலில், வீட்டிலிருந்த அண்டா முதல் பாலாடைவரை எல்லாவற்றிலும் 'அல்சூர் கோ.மு.' என்று பெயர் வெட்டிவிட்டார். பெண்ணுக்குக் கொடுக்கிற சீரிலும் அதையேதான் வெட்ட வேண்டும், எந்த வீட்டுப் பெண் என்று பாத்திரம் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. அத்தைக்குக் கொடுத்த சீரிலும் அப்படித்தான். அக்காவின் சீருக்காகப் பெயர் வெட்டுகிறவர் ஒரு நாள் முழுக்க எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, உளியைத் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டிவிட்டுப் போனார். மறுநாளும் எங்கள் காதில் டங் டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கூடம் முழுக்கப் பாத்திரங்கள் பரப்பியிருந்தன. கால் வைக்க இடமில்லை. யாராவது நடந்தால் ஒரு சொம்பு உருளும், அதை எடுக்கக் குனிந்தால் இன்னொன்று உருளும்.

அந்த மறுநாள்தான் சம்பந்தியம்மா முகூர்த்தப் புடவை விஷயமாகத் தன் ஓரகத்தியோடு ஆரணியிலிருந்து வந்திருந்தாள். கல்யாணத்துக்கு ஒரு வாரமே இருந்தது. அவர்கள் சேரில் உட்கார்ந்திருக்க, அம்மா லட்டுத் தட்டோடு வந்துகொண்டிருக்க, வாசலில் ஒரு மெலிந்த மனிதர் சஃபாரி சட்டை போட்டுக்கொண்டு, தோளில் துணிப்பையோடு வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கன்னடத்தில் கேட்டார்.

அவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். யுத்தக் காலத்தில் அந்தக் கரையோரங்களில் விழுந்த விமானங்களைப் பற்றி விசாரிப்பதுதான் ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வேலை, யாரும் கொடுக்காத வேலை. அந்தமானில் மனிதர் போகாத ஒரு மூலையில், அலையாத்திக் காட்டுக்குள், உப்பங்கழியில் தண்ணீர் வற்றும்போது ஒரு தண்ணீர் விமானத்தின் முதுகு தெரிவதை மரம் வெட்டப் போனவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இவர் சொந்தச் செலவில் கப்பலேறிப் போய்ப் பார்த்திருக்கிறார். எஞ்சினில் பொறித்திருந்த எண்ணை எங்களிடம் மனப்பாடமாக ஒப்பித்தார். மனிதர்கள் இருந்ததற்கு அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை, இது ஒன்றுதான் கிடைத்தது என்று பையில் கையை விட்டு, பேப்பரில் தனித்தனியாகச் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் ஒரு பித்தளைத் தூக்கு. இன்னொன்றில் அதன் மூடி. பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதில் வெட்டியிருந்தது தமிழ் எழுத்து என்பதால் அங்கேயே ஒருவர் படித்துச் சொல்லியிருக்கிறார். அல்சூர் கடைவீதியில் பாத்திரக் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒருவர் எங்கள் வீட்டைக் காட்டியிருக்கிறார்.

இதெல்லாம் கன்னடத்தில் நடந்தது. எங்களுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆரணிக்காரர்களுக்கு ஒரு சொல் தெரியாது.

"இன்னாவாம்?" என்றாள் சம்பந்தியம்மா.

"பழைய பாத்திரம் வாங்குறவரு" என்றார் அப்பா. என் அப்பா அவ்வளவு வேகமாக எதையும் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பிறகு நடந்ததைத்தான் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த அம்மா, பாதி வழியில் கையிலிருந்த சொம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், பக்கத்து வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர் வாங்கி அதில் கொண்டுவந்தாள். கல்யாண வேலைக்காக வந்திருந்த சித்தப்பா எழுந்து ஒரு சோம்பல் முறித்துவிட்டு, "ஒரே தூசி" என்று சொல்லிக்கொண்டே ஜமுக்காளத்தை எடுத்து அண்டா, தவலை எல்லாவற்றையும் போர்த்தினார். அப்பா தன் காலருகே இருந்த குடத்தைப் பேச்சுவாக்கில் திருப்பி, எழுத்து சுவரைப் பார்க்க வைத்தார். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பாத்திரத்தைத் திருப்பினார்கள். எனக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் பெரிய கெட்டிக்காரி என்று பெயர். தூக்கில் வெட்டியிருந்ததை நான் முதல் பார்வையிலேயே படித்துவிட்டேன். இவ்வளவு பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இதுல நம்ம..." என்று ஆரம்பித்தேன். அக்கா ஒரு முழு லட்டை என் வாயில் திணித்தாள். கல்யாணப் பெண் அவ்வளவு பலசாலி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அத்தை சமையல்கட்டிலிருந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தவள், வந்தவர் நீட்டியதை வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதைத் திறந்து பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அந்த எழுத்துப் புள்ளிகள் மேலே ஒரு முறை போய் வந்தது. இது எங்களுடையது என்று அவள் சொன்னால் மாமா இறந்தது உறுதியாகிவிடும். அந்தக் கணமே தாலியும் பூவும் போகும், துக்கம் காக்க வேண்டும், கல்யாணம் தள்ளிப்போகும், அத்தை இனி எந்த மணையின் பக்கமும் வர முடியாது. இல்லை என்று சொன்னால் மாமாவுடையது என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே பொருள் அந்தத் துணிப்பைக்குள் திரும்பிப் போய்விடும்.

"இது நம்மதல்ல" என்றாள் அத்தை, கன்னடத்தில். ஆரணிக்காரர்களுக்குக்கூட அது புரிந்திருக்கும்.

வந்தவர் அத்தையின் நெற்றியைப் பார்த்தார். ஜமுக்காளத்தின் ஓரத்தில் ஒரு தவலையின் இடுப்பு வெளியே தெரிந்தது. அதில் 'கோ.மு.' என்பதும் தெரிந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும், மாதக்கணக்கில் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த வடிவம் தெரியாமலா போகும். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு, தவறான வீட்டுக்கு வந்து சிரமம் கொடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தூக்கை மறுபடியும் பேப்பரில் சுற்றினார்.

"இத என்ன பண்ணுவீங்க?" என்றார் அப்பா.

"வெச்சிருப்பேன் சார்" என்றார் அவர், இந்தத் தடவை தட்டுத் தடுமாறித் தமிழில். "யாராவது பின்னாடி கேட்டா குடுக்கணும் அல்லவா."

கல்யாணம் நடந்தது. அத்தைதான் ஆரத்தி எடுத்தாள். மணமக்கள் வாசலில் வந்து நின்று, அவள் தட்டைச் சுற்ற ஆரம்பித்த அதே நேரத்தில் தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. தட்டும் கற்பூரமுமாக இவள் தெருவுக்கு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று சித்தப்பா கையை நீட்டித் தயாராக நின்றார். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுற்றி முடித்து, பொட்டு வைத்து, தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். அக்கா அழுததற்கு எல்லோரும் ஏதேதோ காரணம் சொன்னார்கள். பல வருஷம் கழித்து அத்தை மஞ்சளும் குங்குமமுமாகத்தான் போனாள். சாவுக்கு வந்த சம்பந்தியம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குடுத்து வெச்ச மகராசி என்றாள்.

ஒன்றை விட்டுவிட்டேன். அன்று அந்த மனிதர் வாசல்படி இறங்கியதும், அத்தை திடீரென்று செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்கு அவருக்கு வழி காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். கடைவீதியெல்லாம் ஏறி இறங்கி வந்தவருக்கு வழி தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. ஊர் என்ன பேசுமோ என்று பார்க்கிறவளைப்போல என்னையும் கையில் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. விடுவிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

மாமா ஊரைவிட்டுப் போன நாள் காலையில் நடந்ததை அப்பா எனக்குச் சொன்னது அத்தை போன பிறகுதான். தொழிற்சாலை வேலை தொழிற்சாலையோடு நிற்கட்டும், ஆகாயத்தில் ஏறிக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அத்தை சண்டை போட்டிருக்கிறாள். மாமா கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமலே இறங்கிப் போயிருக்கிறார். அத்தை அழுதுகொண்டே புளிச்சோறு கிளறித் தூக்கில் போட்டு, ஜட்கா பிடித்து ஏரிக்கரைக்குப் போய்க் கொடுத்திருக்கிறாள். அவர் வாங்கிக்கொண்டார். முகம் கொடுத்துப் பேசவில்லை. புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும். விமானம் காணாமல் போனது மறுநாள்.

இதொன்றும் தெரியாமல் நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தோம். பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். அப்போது அத்தை, அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில் கேட்டாள். அந்தப் பாத்திரத்தைக் கண்டெடுத்தபோது மூடி திறந்திருந்ததா, மூடியபடியே இருந்ததா?

எனக்கு எரிச்சலாக வந்தது. நம்முடையது இல்லை என்று இவளே சொல்லிவிட்டு, யாரோ வீட்டுப் பாத்திரத்தின் மூடி எப்படி இருந்தால் இவளுக்கு என்ன? வாயில் லட்டின் மிச்சம் வேறு ஒட்டிக்கொண்டு தண்ணீர் தவித்தது.

அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், கண்டக்டர் கதவைத் தட்டினார்.

"திறந்துதான் இருந்தது அம்மா" என்றார். "உள்ளே ஒன்றும் மிச்சமில்லை."

அத்தை தலையை அசைத்தாள். அவர் படியில் ஏறி நின்று கை கூப்பினார். பஸ் தெருமுனையில் திரும்பிப் போகிறவரைக்கும் அத்தை அங்கேயே நின்றாள். எஞ்சின் நம்பரை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்த மனிதருக்கு, ஒரு மூடி திறந்திருந்ததா இல்லையா என்று சொல்ல இவ்வளவு நேரம் ஆகிறதே, வயதாகிவிட்டதால் மறதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அத்தையை வீட்டுப் பக்கம் இழுத்தேன்.